தழைத்த கொடி ஏன் காய்க்கவில்லை?

சென்ற ஆண்டு தை மாதத்தின் நடுவில், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உறுப்பினர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தைக் காண நேர்ந்தது. அதற்கு முந்தின நாள் அவர் சங்க அலுவலகத்துக்கு வந்து இரண்டு மூட்டை யூரியா கடனாகக் கேட்டிருந்தார். கவாத்துச் செய்து நாற்பது நாட்களாகியும் பந்தலில் குலை தென்படவில்லை என்றும், உரம் போதாமையே காரணமாக இருக்கவேண்டும் என்றும் அவர் கூறினார். உரத்தைக் கொடுப்பதற்குமுன் கொடியை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நாம் புறப்பட்டுச் சென்றோம்.

பந்தலுக்குள் நுழைந்தபோது உச்சிப்பொழுது. ஆயினும் உள்ளே அந்தி மயங்கியது போன்ற இருள். இலைமேல் இலை படர்ந்து, வெயிலின் ஒரு புள்ளிகூடத் தரையில் விழவில்லை. இலைகள் அகன்று கரும்பச்சையாக இருந்தன. இளங்கிளைகள் சுண்டுவிரல் கனத்தில் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு ஓடின. காண்பவர் யாரும் செழிப்பான தோட்டம் என்றே சொல்வர். ஆனால் குலை இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் பற்றுக்கம்பிகளே சுருண்டு கிடந்தன.

“தம்பி, கல்தூணும் கம்பியும் போட்ட கடனே இன்னும் தீரவில்லை. இந்தக் கொடி மலடாகிவிட்டது. வெட்டிவிட்டு வாழை வைக்கலாமென்று இருக்கிறேன்” என்றார் பெரியவர்.

கொடி மலடன்று. அதற்கு உரமும் குறைவன்று. அந்தப் பந்தலில் குலை இல்லாமற் போனதற்குக் காரணம், ஆறு மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்த ஒரு காரியம். அதனை அறியாமல் அன்று யூரியாவைப் போட்டிருந்தால், போன பயிரோடு வரவேண்டிய பயிரும் போயிருக்கும். இவ்வாறு மாதத்துக்கு ஒருவரேனும் நம்மிடம் வந்து முறையிடுவதால், இதனைச் சற்று விரிவாகவே உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மூன்று குறைகள், மூன்று காரணங்கள்

“காய்க்கவில்லை” என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு குறைகளைக் குறிக்கும். முதலாவது, கவாத்துச் செய்த குச்சியில் கண்கள் துளிர்க்காமலே இருந்துவிடுவது. இரண்டாவது, கண்கள் துளிர்த்துக் கிளை ஓடியும் பூங்கொத்து வராமலிருப்பது. மூன்றாவது, பூங்கொத்து வந்தும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுவது. வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பார் எவருமில்லை. ஆயினும் இம்மூன்று குறைகளுக்கும் நம்மிற் பலர் கொடுக்கும் மருந்து ஒன்றே. அதுதான் இன்னொரு மூட்டை உரம்.

ஆகவே, குலையில்லாத பந்தலைக் கண்டவுடன் முதலிற் செய்யவேண்டியது, இம்மூன்றில் எது நேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே. பெரியவருடைய தோட்டத்தில் நேர்ந்தது இரண்டாவது குறை. மூன்றிலும் அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. எனவே அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

குலை எப்போது உண்டாகிறது?

பூ என்றால் இன்று அரும்பி நாளை மலர்வது என்று நாம் எண்ணுகிறோம். திராட்சையின் வழக்கம் வேறு. கவாத்துக்குப் பின் துளிர்க்கும் கிளையில் நாம் காணும் பூங்கொத்து, அந்தக் கிளையோடு புதிதாகப் பிறந்ததன்று. சென்ற பருவத்தில், இலைக்காம்பின் அடியில், மிளகளவேயுள்ள கண்ணுக்குள் அது கருவாகித் தூங்கிக்கொண்டிருந்தது. கவாத்துக் கத்தி அதனை எழுப்புகிறதே தவிர, உண்டாக்குவதில்லை.

இந்தக் கரு உருவாகும் காலமும் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டதே. நம் வெப்ப நாட்டில், கவாத்துச் செய்த 40ஆம் நாள் தொடங்கி 60ஆம் நாள் வரையிலுள்ள மூன்று வாரங்கள் அதற்கு முக்கியமானவை. மகாராட்டிரத்திலுள்ளோர் ஆண்டில் இருமுறை கவாத்துச் செய்து ஒரே அறுவடை எடுக்கின்றனர். சித்திரையையொட்டிச் செய்யும் முதற் கவாத்து, கண்களில் கரு பிடிப்பதற்கு மட்டுமே. ஐப்பசியையொட்டிச் செய்யும் கவாத்துத்தான் காய்ப்புக்கு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு அந்த வசதி இல்லை. நாம் ஒவ்வொரு கவாத்திலும் பழம் எடுக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்தால் சித்திரை, வைகாசியில் பழம். வைகாசி, ஆனியில் கவாத்துச் செய்தால் ஆவணி, புரட்டாசியில் பழம். ஆகையால் இப்போதைய பயிர் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் அதே நாட்களில், அதே கிளையில், அடுத்த பயிருக்கான கருவும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே இன்னொரு குழந்தையை வயிற்றிற் சுமக்கும் தாயின் நிலை அது.

நெசவாளராகிய உறுப்பினர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது கடினமன்று. சேலையின் முந்தியைத் தறியில் உட்கார்ந்தபின்னும் மாற்றலாம். அது ஊடையால் வருவது. கரையின் வண்ணமோ பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடுகிறது. பச்சைக் கரைக்குப் பாவு ஓட்டிவிட்டு, தறியில் ஏற்றியபின் நாடாவை எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் சிவப்புக் கரை வராது. திராட்சைக்கு 40ஆம் நாள் முதல் 60ஆம் நாள் வரை பாவு ஓட்டும் காலம். கவாத்து, தறியில் உட்காரும் காலம்.

பற்றுக்கம்பியும் பூங்கொத்தும்

கண்ணுக்குள் முதலில் தோன்றுவது ஒரு சிறு முளை. அது தோன்றும்போது, பூங்கொத்தாக ஆவதா, பற்றுக்கம்பியாக ஆவதா என்பது முடிவாகியிருப்பதில்லை. இரண்டும் ஒரே முளையிலிருந்து பிறக்கும் உடன்பிறப்புகள். கொடிக்குள் சைட்டோகைனின் என்னும் ஊக்கி மிகுந்து, கிளையில் மாவுச்சத்தும் சேர்ந்திருந்தால் அது பூங்கொத்தாகிறது. ஜிப்ரலின் என்னும் ஊக்கியின் கை ஓங்கி, கிளை நீண்டு ஓடிக்கொண்டே இருந்தால் அது பற்றுக்கம்பியாகிறது. ஆஸ்திரேலியாவில் சீனிவாசன், முல்லின்ஸ் என்னும் அறிஞர் இருவர், பற்றுக்கம்பிகளைத் தனியே நறுக்கியெடுத்துக் குப்பியில் வளர்த்து, சைட்டோகைனினைக் கொடுத்து, அவற்றைப் பூங்கொத்துகளாகவே மாற்றிக் காட்டி 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெரியவரின் பந்தலில் நாம் கண்ட பற்றுக்கம்பிகள் பல, பூங்கொத்துகளாக ஆகியிருக்கவேண்டியவை.

அவ்வாறு ஆகவிடாமல் தடுப்பவை யாவை? ஐந்தை இங்கே கூறுவோம்.

முதலாவது, நிழல். ஓர் இலை தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூடத் தனக்குக் கீழே விடுவதில்லை. இரண்டு இலைகளுக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய இருட்டே. கண்ணுக்குள் கரு பிடிக்க அந்தக் கண்ணின்மீதும் அதன் இலையின்மீதும் நேர்வெளிச்சம் படவேண்டும். பந்தலின் மேற்பரப்பில் எவ்வளவு வெயில் அடித்தாலும், உள்ளே சிக்கிய கிளையின் கண் பலனற்றுப் போகிறது. கடும் நிழலில் வேகமாக ஓடும் கிளைகளில் கண்ணின் நடுமுளையே கருகிப் போவதும் உண்டு. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பெரிய முளையும் அதன் துணையாக இரு சிறு முளைகளும் இருக்கின்றன. பெரியது செத்தால் சிறியது துளிர்க்கும். ஆனால் அதில் குலை அரிது.

இரண்டாவது, மிதமிஞ்சிய தழைச்சத்தும் நீரும். தழைச்சத்து வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது அறவே குறைந்தாலும் கண்கள் மெலியும். ஆனால் கரு பிடிக்கும் மூன்று வாரங்களில் யூரியாவும் நிறைந்த பாசனமும் சேர்ந்தால், கிளை நிற்காமல் ஓடி, நிழலையும் ஜிப்ரலினையும் ஒருங்கே பெருக்குகிறது. திராட்சைக்குத் தரப்படும் பரிந்துரைகளில் சாம்பல்சத்தின் அளவு தழைச்சத்தின் அளவைவிட மிகுந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். நம்மிற் பலர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, இலை இழப்பு. அறுவடை முடிந்ததும் தோட்டத்தை மறந்துவிடுவது நம்மிடையே உள்ள பெரும் பிழை. அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் வந்து இலைகள் உதிர்ந்தால், “பழந்தான் வெட்டியாகிவிட்டதே” என்று மருந்தடிப்பை நிறுத்திவிடுகிறோம். அந்த இலைகளே குச்சியை முதிரச் செய்து, அடுத்த பயிருக்கு மாவுச்சத்தைச் சேர்த்துவைப்பவை. அறுவடைக்குப் பின் இலையைக் காப்பது, களத்திலுள்ள விதைநெல்லைக் காப்பதற்கு ஒப்பானது.

நான்காவது, சுமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கையேடு பன்னீர் திராட்சைக்கு ஏக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 30 டன் மகசூலைக் குறிப்பிடுகிறது. அதனையும் மிஞ்சவேண்டுமென்று எல்லாக் குலைகளையும் விட்டுவைத்து, அறுவடை முடிந்ததும் ஓய்வு தராமல் மறுபடி கவாத்துச் செய்தால், கொடி தன் இருப்பை எல்லாம் செலவழித்துவிடும். ஒரு பருவம் வீடு கொள்ளாத பழம், மறுபருவம் வெறும் பந்தல் என்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஐந்தாவது, வெட்டும் இடம். எல்லாக் கண்களும் ஒரே அளவில் கருவுற்றவை அல்ல. விதையில்லாத் தாம்சன் இரகத்தில் அடிக்கண்கள் பெரும்பாலும் குலை தருவதில்லை, மேற்கண்களே தருகின்றன. பன்னீர் திராட்சையிலோ அடியிலிருந்தே பலனுள்ள கண்கள் இருப்பதால், முதிர்ந்த குச்சியில் நான்கு கண்கள் விட்டு வெட்டுமாறு பல்கலைக் கழகம் பரிந்துரைக்கிறது. மெலிந்த, முதிராத குச்சிகளை ஒன்று அல்லது இரண்டு கண்களில் வெட்டி, அடுத்த பருவத்துக்கான கிளையாக ஓடவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் வேறு இரகத்துக்குச் செய்த கவாத்தைப் பார்த்து நம் தோட்டத்தில் வெட்டுவது, அடுத்தவர் சட்டைக்கு எடுத்த அளவில் நமக்குத் துணி வெட்டுவதாகும்.

பெரியவரின் தோட்டத்துக் கணக்கு

நிற்க. மேற்கூறியவற்றை வைத்துக்கொண்டு பெரியவரிடம் சில கேள்விகள் கேட்டோம். குலையில்லாத இந்தக் கிளைகள் மார்கழித் தொடக்கத்துக் கவாத்தில் துளிர்த்தவை. அந்தக் கண்கள் உருவானது, அதற்கு முந்தின வைகாசிக் கடைசிக் கவாத்துக்குப் பின் ஓடிய கிளைகளில். அங்கிருந்து 40 முதல் 60 நாட்கள் என்று எண்ணினால் ஆடி மாதம் வருகிறது. மேற்கு மலையைத் தாண்டி மேகம் இறங்கி, பள்ளத்தாக்கெங்கும் சாரல் தூவும் காலம் அது. வானமே வெளிச்சத்தைக் குறைத்திருந்த அந்த நாட்களில், பெரியவர் பிஞ்சு பெருக்கவேண்டுமென்று இருமுறை யூரியாவும் போட்டிருக்கிறார். ஆட்கூலி மிகுந்ததால் பக்கக் கிளைகளைக் கிள்ளவில்லை. ஆவணியில் பழம் வெட்டியபின் மருந்தடிப்பும் நின்றுவிட்டது; புரட்டாசியில் நோய் வந்து பாதி இலை உதிர்ந்திருக்கிறது.

கணக்கைக் கேட்டுக்கொண்டே வந்த பெரியவர், “அப்படியானால் இந்தப் பயிர் போன ஆடியிலேயே போய்விட்டதா?” என்று கேட்டார். ஆம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பருவத்தை எந்த உரத்தாலும் மீட்க முடியாது. ஆனால் அன்று கவாத்துச் செய்து சரியாக நாற்பதாம் நாள். அடுத்த பயிருக்கான கரு அன்றைக்குத்தான் உருவாகத் தொடங்கியிருந்தது. இருட்டில் நின்ற அந்தப் பந்தலுக்கு இன்னும் மூன்று வாரம் மீதமிருந்தது.

செய்யச் சொன்னவை யாவும் எளியவை. குலையில்லாமல் நெருங்கி ஓடும் கிளைகளை அடியோடு நீக்குதல். மீதிக் கிளைகளை 12 முதல் 15 கண்கள் அளவில் நுனி கிள்ளி, பக்கத் துளிர்களையும் கிள்ளிவிடுதல். பற்றுக்கம்பிகளை அகற்றிக் கிளைகளைப் பந்தலில் பரப்பிக் கட்டுதல். யூரியாவை நிறுத்திப் பாசனத்தைச் சற்றே தளர்த்துதல். நண்பகலில் பந்தலின்கீழ் நின்றால் தரையில் ஆங்காங்கே வெயிற்புள்ளிகள் ஆடவேண்டும், அதுவே அளவுகோல். கவாத்துக்குமுன் வெட்டவேண்டிய குச்சி கரிக்கோல் கனத்தில், பழுப்பேறி முதிர்ந்திருக்கவேண்டும்.

துளிர்க்காத கண்ணும் உதிரும் பூவும்

இனி மற்ற இரு குறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

குச்சியின் நுனிக்கண் மட்டும் துளிர்த்து, அடிக்கண்கள் தூங்கிவிடுவது வெப்ப நாடுகளில் இயல்பு. குளிர்நாடுகளில் பனிக்காலம் எல்லாக் கண்களையும் ஒருசேர எழுப்பிவிடுகிறது. இங்கே அந்தக் குளிர் இல்லை. இதற்காகக் கவாத்துக்குப் பின் கண்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்னும் மருந்தைத் தடவுகின்றனர். இது கண்ணிலுள்ள கருவை எழுப்புமேயன்றி, இல்லாத கருவைப் படைக்காது. இது கடும் நச்சு என்பதையும் உறுப்பினர்கள் மறக்கலாகாது. கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடக்கூடாது. மருந்து தடவும் நாளிலும் அதனையடுத்த சில நாட்களிலும் மதுவை அறவே தொடலாகாது. சயனமைடு உடலிற் சேர்ந்திருக்கையில் மது குடித்தால் உயிருக்கே கேடு நேரலாம். கூலியாட்களுக்கு இதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பு தோட்டக்காரருடையது.

பூத்தும் பிடிக்காமற் போவதற்குப் பூக்கும் காலத்து மழை, நோய், போரான், துத்தநாகம் ஆகிய நுண்சத்துகளின் குறைவு முதலியன காரணமாகும். குலையில் பெரிய மணிகளுக்கிடையே கடுகுபோன்ற சிறு மணிகள் நிறைந்திருந்தால் நுண்சத்துக் குறையை ஐயுறலாம். இதற்குப் பல்கலைக் கழகம் கூறும் கலவை, லிட்டர் நீருக்குப் போரிக் அமிலம் 1 கிராம், துத்தநாக சல்பேட்டு 2 கிராம், யூரியா 10 கிராம். பூப்பதற்குமுன் ஒருமுறையும், அதிலிருந்து பத்து நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் செய்தும் கொடி ஆண்டுக்காண்டு மெலிந்து வருமானால், தரைக்கு மேலே தேடுவதை விட்டு வேரைத் தோண்டிப் பார்க்கவேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. கிணற்றுநீர் உவர்ப்பேறியிருந்தாலும் கொடி தளரும். மண்ணையும் நீரையும் பரிசோதிக்காமல் இவ்விரண்டையும் ஊகத்தால் தீர்க்க முடியாது.

செடிக்குச் செடி வழக்கம் வேறு

திராட்சை பயிரிடாத உறுப்பினர்கள், “இதில் நமக்கென்ன?” என்று எண்ணவேண்டா. எந்தப் பழச்செடியானாலும் அதனிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “நீ எந்தக் கிளையில் காய்ப்பாய்?” என்பதே. கொய்யா புதிதாய் ஓடும் இளங்கிளையில் பூப்பது. ஆதலால் கிளையை வெட்டினால் புதுத்துளிரும், துளிரோடு பூவும் வரும். இங்கிலாந்தில் தோட்டந்தோறும் வளர்க்கும் கருங்கரன்ட் என்னும் சிறுபழப் புதரோ நம் திராட்சையைப் போன்றது. சென்ற கோடையில் வளர்ந்த குச்சியிலே, கோடை முடிந்து பகல் குறுகும்போது அதன் பூ கருவாகிறது. பனிக்காலம் முழுதும் தூங்கி, இளவேனிலில் மலர்கிறது. புதரைத் திருத்துகிறேன் என்று பனிக்காலத்தில் இளங்குச்சிகளையெல்லாம் வெட்டியவர், அவ்வாண்டின் பழத்தையும் சேர்த்து வெட்டியவராகிறார். இளவேனிலில் ஓரிரவு உறைபனி விழுந்தால் மலர்ந்த பூ கருகும். சிலந்தி இனத்தைச் சார்ந்த நுண்ணிய சிலந்திப்பேன் பரப்பும் ஒருவகை நச்சுயிரி புதரையே காய்ப்பற்றதாக்கும். அந்நாட்டுத் தோட்டக்காரரும் நம் பெரியவரைப் போலவே, தழைத்து நிற்கும் புதரின்முன் கைபிசைந்து நிற்பதுண்டு.

சங்கம் செய்யக்கூடியவை

பெரியாற்று அணை கட்டி முடிந்த 1895ஆம் ஆண்டுமுதல் இப்பள்ளத்தாக்குக்கு வந்த நீர், இங்குள்ள நிலத்தை மாற்றியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயரும் நீரும் இருக்கின்றன. இல்லாதது, காலமறிந்த கவனம். அதனைத் தனி ஒருவர் பெறுவதைவிடக் கூட்டாகப் பெறுவது எளிது.

முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரும் கவாத்து நாள், உரமிட்ட நாள், மழை நாள், நோய் கண்ட நாள், அறுவடை எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரவேண்டும். பெரியவரின் தோட்டத்து நோயை நாம் கண்டுபிடித்தது மருந்தாலன்று; அவருடைய நினைவாற்றலால். எல்லோருக்கும் அத்தகைய நினைவு வாய்ப்பதில்லை.

இரண்டாவது, சங்கத்துக்கு ஒரு நுண்ணோக்கி. மகாராட்டிரத் திராட்சைத் தோட்டக்காரர்கள் காய்ப்புக் கவாத்துக்குமுன் சில குச்சிகளைக் கொடுத்துக் கண்களை அறுத்துப் பரிசோதித்துக்கொள்கின்றனர். எத்தனையாவது கண்ணில் கரு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற இடத்தில் வெட்டுகின்றனர். ஒரு தோட்டக்காரருக்கு இது செலவு. நூறு பேருக்குச் சிறு சந்தா. கருகிப்போன நடுமுளையை மட்டுமேனும் ஒரு கூரிய கத்தியாலும் பூதக்கண்ணாடியாலும் இன்றைக்கே கண்டுகொள்ளலாம்.

மூன்றாவது, கடன் தரும் காலம். உறுப்பினர்கள் பந்தலில் குலையைக் கண்டபின் கடன் கேட்கிறார்கள். சங்கமும் குலையைக் கண்டபின் கொடுக்கிறது. அதற்குள் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பக்கக் கிளை கிள்ளும் கூலிக்கும், அறுவடைக்குப் பிந்திய மருந்துக்குமே பணம் உண்மையில் தட்டுப்படுகிறது. அந்த இரு வேளைகளுக்கென ஒரு சிறு கடன் பகுதியை ஒதுக்கி வைப்பதைப் பற்றிப் பொதுக்குழு ஆலோசிக்கவேண்டும் என்பது நம் கருத்து. யூரியாவுக்கு ஆகும் செலவு, ஆட்கூலியாகப் போயிருந்தால் பெரியவர் ஒரு பயிரை இழந்திருக்கமாட்டார்.

பெரியவர் நாம் சொன்னதை முழுதும் நம்பிவிடவில்லை. குடியானவர் அவ்வாறு நம்புவதும் தகாது. பந்தலின் கீழ்ப்பாதியை மட்டும் திறந்துவிட்டு, மேற்பாதியை முன்போலவே விட்டுவைத்தார். வைகாசிக் கவாத்துக்குப் பின் இருபதாம் நாள் அவரே ஆளனுப்பி நம்மை அழைத்தார். கீழ்ப்பாதியில் துளிர்த்த கிளைகளில் குலைகள் வரிசையாக இறங்கியிருந்தன. மேற்பாதியில் தேடித்தான் எண்ண வேண்டியிருந்தது. மேற்பாதியையும் அன்றே திறந்துவிட ஆட்களை வைத்திருந்தார். சித்திரையில் கிடைத்திருக்கவேண்டிய பழம் அவருக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் கடனின் வட்டி ஏட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாழைக் கன்றுக்காகக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பது நம்மவர் பழமொழி. சென்ற பருவத்தில் நாம் ஓட்டிய ஏரின் வழியேதான் இந்தப் பருவத்தின் குலையும் வரும். ஆகவே அறுவடை முடிந்த உறுப்பினர்கள் கத்தியைக் கழுவி எரவாணத்தில் செருகிவிடாமல், நாளை நண்பகலில் ஒருமுறை பந்தலின்கீழ் சென்று நிற்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தரையில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிடின், வேலை அங்கேதான் இருக்கிறது.